பழைய ரிவி கேம் பெட்டி: கேள்விகளும் பதில்களும்

பழைய கேம் பெட்டிகளைத் திறந்து திருத்துவது என் வேலை. அதைப் பற்றி எதையும் கேளுங்கள்.

வெள்ளவத்தை: மகன்ட பிறந்தநாளுக்கு வாங்க புறக்கோட்டைக்குப் போனன். 620 கேம் பெட்டியும் 10,000 கேம் ஸ்டிக்கும் காட்டினாங்கள். எதை எடுக்கிறது அண்ணா?

அக்கா, அட்டையில் இருக்கிற எண்ணை மறந்துவிடுங்கள். இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் மூலம் நின்டென்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்கத் தொடங்கிய பமிகொம். அதற்கு அனுமதியோடு வெளிவந்த விளையாட்டுகள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். அந்தக் காலத்து 9999 கேம் கசற்றில் சில பத்து விளையாட்டுகள்தான் இருக்கும். ஒரே விளையாட்டை மூன்றாம் கட்டத்தில் தொடங்கவிட்டு, வேறு பெயர் வைத்து, இன்னொன்றாகக் கணக்குக் காட்டுவார்கள்.

மலிவான 620 பெட்டிக்குள் கறுப்புப் பசையால் மூடிய ஒரு சிப் இருக்கும். பமிகொம் முழுவதையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். அது செத்தால் திருத்த முடியாது. ஸ்டிக் அப்படியில்லை. அது ஒரு சின்னக் கம்பியூட்டர், பழைய இயந்திரங்களைப் போல நடிக்கிற மென்பொருளை ஓட்டுகிறது. மலிவான பெட்டியை மாட்டுகிற மஞ்சள், வெள்ளை ஏவி ஓட்டைகள் உங்கள் ரிவியில் இல்லையென்றால் ஸ்டிக்கை எடுங்கள். கூட வரும் மெமரி கார்ட் மலிவானது, சீக்கிரம் பழுதாகும். முதல் நாளே அதைப் பிரதி எடுத்து வையுங்கள். கடையிலேயே போட்டு, இரண்டு கொன்ட்ரோலரிலும் எல்லா பொத்தானையும் அமுக்கிப் பார்த்துத்தான் காசு குடுக்க வேணும்.

கொட்டாஞ்சேனை: அப்பா வாங்கின பெட்டி கிடக்கு, அடப்டர் இல்லை. வீட்டில இருக்கிற 9 வோல்ட் அடப்டரைக் குத்தலாமா?

குத்தாதீர்கள் தம்பி. வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அடப்டரின் முதுகில் ஒரு வட்டப் படம் இருக்கும். நடுப்புள்ளி பொசிற்றிவா நெகற்றிவா என்று அதில் பாருங்கள். ஜப்பான் பமிகொமுக்கு 10 வோல்ட், நடுவில் நெகற்றிவ். பமிகொமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் பெட்டியோடு வந்த அடப்டர் 9 வோல்ட் ஏசி, டிசியே இல்லை. எங்கட ஊருக்கு வந்த நகல் பெட்டிகள் ஆளுக்கொரு விதம். மாறிக் குத்தினால் உள்ளே வோல்ட்டைச் சீராக்குகிற ரெகுலேற்றரோடு சேர்ந்து சிப்பும் போகலாம். பெட்டியைத் திறந்து, ஓட்டையின் எந்தக் கால் தரைக்கு (கிரவுண்ட், நெகற்றிவ் பக்கம்) போகிறது என்று மல்டிமீற்றரால் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த அடப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, எங்கட 230இல் நேரே போட்டால் எரியும்.

தெஹிவளை: வாத்து சுடுற துவக்கு புது ரிவியில வேலை செய்யேல்லை.

செய்யாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் துவக்கு பார்க்க வேண்டும். எல்சிடி படத்தைப் பிந்திக் காட்டுகிறது. பழைய குழாய் ரிவி ஒன்று தேடுங்கள்.

பம்பலப்பிட்டி: பிஎஸ்5 கொன்ட்ரோலர் தானா அசையுது.

என் துறை இல்லை. பக்கத்திலேயே யூனிற்றி பிளாசா இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

மருதானை: ஸ்டிக்கில மரியோ விசர் வேகத்தில ஓடுது. பழைய பெட்டியில ஓடினதுதான் சரியான வேகம். ஸ்டிக் போலி.

இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி முறை, ரிவி செக்கனுக்கு ஏறத்தாழ 60 முறை படம் மாற்றியது. இலங்கையில் பால் (PAL) என்ற முறை, செக்கனுக்கு 50 தடவை. மரியோவின் ஒவ்வொரு அசைவும் அந்தப் படமாற்றத்தை எண்ணித்தான் நடக்கிறது. எங்களுக்கு வந்த, செக்கனுக்கு 50 படம் காட்டுகிற பெட்டிகளில் அதே விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. ஸ்டிக் 60இல் ஓட்டுகிறது, செய்தவர்கள் நினைத்த வேகம் அதுதான்.

வத்தளை: வேகம் குறைஞ்சா பாட்டின்ட சுருதியும் இறங்க வேணுமே? இறங்கேல்லையே.

இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சுருதியை முடிவு செய்வது சிப்பின் கடிகாரம், தாளத்தை முடிவு செய்வது படமாற்றம். மூல பமிகொமின் கடிகாரம் 1.79 மெகாஹேர்ட்ஸ். நின்டென்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியில் அது 1.66, அங்கே சுருதி அரைச் சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். தாய்வானில் செய்த, 50 படம் காட்டுகிற நகல் சிப்புகளில் 1.77 வைத்தார்கள். அதனால் சுருதி காதுக்குத் தெரியாத அளவுதான் மாறும், தாளம் மட்டும் மெதுவாகும். நகல் செய்தவர்கள் இந்த இடத்தில் மூலக் கம்பனியை விடக் கவனமாக வேலை செய்திருக்கிறார்கள்.

மருதானை: அப்ப நாங்கள் சின்னனில விளையாடினது எல்லாம் பிழையா? ஒத்துக்கொள்ள மாட்டன்.

பிழை என்று நான் சொல்லவில்லை அண்ணை. அந்த வேகத்துக்கு உங்கள் கை பழகியிருக்கிறது, அதில் குதித்ததும் தப்பியதும் உண்மைதான். ஆனால் ஸ்டிக்கைப் போலி என்பது சரியில்லை. நீங்களே அளந்து பாருங்கள். முதல் கட்டத்தில் மரியோவைத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்துங்கள். மேலே ஓடும் நேரம் 390இலிருந்து 290க்கு இறங்க எவ்வளவு செல்கிறது என்று ஃபோனில் அளவுங்கள். ஓர் இலக்கம் இறங்க 24 படம். 60 படப் பெட்டியில் 40 செக்கன், 50 படப் பெட்டியில் 48.

கொட்டாஞ்சேனை: மாமா வீட்டுப் பழைய பெட்டியில 40தான் வருது!

அப்படியானால் அது என்டிஎஸ்சி சிப் உள்ள பெட்டி. அதுவும் இங்கே வந்தது. பால் மட்டும் தெரிந்த ரிவியில் அது கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும், மாமாவைக் கேட்டுப் பாருங்கள்.

மட்டக்குளி: 10,000 கேம் ஸ்டிக் நல்லதா?

முதல் பதிலை வாசியுங்கள்.

கிராண்ட்பாஸ்: கையில வச்சு விளையாடுற 400 கேம் பெட்டி?

எண்ணைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதற்குள் இருப்பது பழைய நொக்கியா ஃபோனுக்குப் போட்ட பிஎல் 5சி வகைப் பற்றரி. மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பாருங்கள். வீங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் அகற்றுங்கள். பிள்ளை தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்க விடாதீர்கள்.

கொள்ளுப்பிட்டி: கனடாவிலிருந்து மச்சான் வாறார். நின்டென்டோ கிளாசிக் கொண்டுவரச் சொல்லட்டா?

சொல்லுங்கள். 2016இல் வந்தது, நின்டென்டோவே செய்தது, 30 விளையாட்டு, எச்டிஎம்ஐ. 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடும் என்பதால் அடப்டர் தொல்லையும் இல்லை. கொன்ட்ரோலர் வயர் முக்கால் மீற்றர்தான், நீட்டிப்பு வயரும் கேளுங்கள்.

புளுமெண்டால்: 500 கேம் பெட்டிக்கு 12 வோல்ட் அடப்டர் போடலாமா?

போடாதீர்கள். கொட்டாஞ்சேனைத் தம்பிக்குச் சொன்னதை முழுக்க வாசித்த பிறகு பிளக்கைத் தொடுங்கள்.

மருதானை: அளந்தன். பழைய பெட்டி 48, ஸ்டிக் 40. எண்டாலும் எனக்கு 48தான்.

அந்தப் பெட்டியை விற்காதீர்கள் அண்ணை. கொன்ட்ரோலர் ரப்பர் தேய்ந்திருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன்.