வீட்ல இருந்தே எழுதி சம்பாதிக்கிறவங்களோட அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், என்னென்ன டெக்னாலஜி வேணும்?

கேள்வி கேட்டவர் கூடவே ரெண்டு மூணு விஷயம் சேர்த்திருக்கார், வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் ரைட்டரா ஆகலாம்னு இருக்காராம், 60,000 ரூபாய்ல ஒரு லேப்டாப் பார்த்து வச்சிருக்காராம், அது போதுமா, ஏஐ வந்தப்புறம் இந்த பொழப்பு ஓடுமான்னு.

லேப்டாப்பை முதல்ல முடிச்சுடுவோம். 60,000 வேண்டாம். எழுத்து வேலைக்கு 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்கை விட வேகமானது), நாள் முழுக்க தட்டினாலும் கை வலிக்காத கீபோர்ட், அவ்வளவுதான், செகண்ட் ஹேண்ட்ல கம்பெனிக்காரங்க கழிச்சுப் போட்ட லேப்டாப் பாதி விலைக்குள்ள கிடைக்கும். வாங்கும்போது விண்டோஸ் 11 ஓடுமான்னு மட்டும் கேட்டுக்கோங்க, 10க்கு 2025 அக்டோபரோட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தியாச்சு. மிச்சக் காசுக்கு வேற வேலை இருக்கு, வரேன்.

நான் இருக்கிறது பாளையங்கோட்டைல. இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு, வயசானவங்க தன்னோட வாழ்க்கைக் கதையை புக்கா போடணும்னு ஆசைப்பட்டா அதை எழுதிக் கொடுக்கிறது, நடுநடுவுல ப்ரூஃப் ரீடிங், இதுதான் என் தொழில், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இத்தனை நாள்ல எனக்கு புரிஞ்சது என்னன்னா எழுதறதுக்கு டெக்னாலஜி ரொம்பக் கொஞ்சம் போதும், எழுதினது சேதாரம் இல்லாம அடுத்த ஆள் ஸ்க்ரீனுக்கு போய் சேர்றதுக்கும், அதுக்கான காசு நம்ம அக்கவுன்ட்டுக்கு வந்து சேர்றதுக்கும்தான் நிறைய வேணும். யூடியூப்ல ரைட்டர்களுக்கான சூப்பர் ஆப்னு வர்ற வீடியோ எல்லாம் முதல் விஷயத்தையே சுத்திச் சுத்தி பேசும், ரெண்டாவதை யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல.

டைப்பிங்ல ஆரம்பிக்கிறேன். நீங்க இப்ப அம்மானு எழுத இங்கிலீஷ் எழுத்துல தட்டிட்டு இருப்பீங்க, பரவாயில்ல, வாட்ஸ்அப்புக்கு அது போதும். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் வார்த்தை அடிக்கணும்னா தமிழ்99 கத்துக்கோங்க. 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட கீபோர்ட் அமைப்பு இது, உயிரெழுத்து எல்லாம் இடது கை பக்கம், மெய் எல்லாம் பெரும்பாலும் வலது கை பக்கம். இதுல பெரிய சௌகரியம் புள்ளி தானா விழுறது. 'வந்தாங்க'னு அடிக்கணும்னா வ, ந, த, ஆ, ங, க, ஆறே தட்டு, ந பக்கத்துல த வந்தா ந் ஆகிடும், ங பக்கத்துல க வந்தா ங் ஆகிடும், நாம புள்ளியைத் தேடிப் போக வேண்டாம். அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா பத்து தட்டு கிட்ட வரும். முதல் ரெண்டு வாரம் எரிச்சலா வரும், பழைய ஸ்பீடுல பாதி கூட வராது, டெட்லைன் இல்லாத நேரமா பார்த்து ஆரம்பிங்க. விண்டோஸ் உள்ளயே இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டாம், போன்ல வேணும்னா முத்து நெடுமாறனோட செல்லினம் ஆப்ல இருக்கு.

அடுத்தது ஃபான்ட், இங்கதான் முக்காவாசி பேர் நொந்து போவாங்க. 2010ல கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துலயே அரசாங்கம் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே தெரியற பொது முறைக்கு, மாறணும்னு ஆர்டர் போட்டாச்சு, ஆனா இன்னைக்கும் ஒரு பிரிண்டிங் பிரஸ்ல இருந்து ஃபைல் வருதுன்னா பாமினி, வானவில், ஸ்ரீலிபின்னு பழைய ஃபான்ட்ல எதுல இருக்கும்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். அந்த ஃபான்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் உருவத்தை ஒட்டி வச்ச ஏற்பாடு. அதனால நடுவுல உண்மையாவே இங்கிலீஷ் வார்த்தை வந்தா, யூனிகோடுக்கு மாத்திக் கொடுக்கிற கன்வர்ட்டர் அதையும் தமிழாக்கிடும். விசிட்டிங் கார்டுலயும் வெப்சைட்லயும் 'நுஅயடை'னு ஒண்ணு எழுதியிருக்குமே பார்த்திருக்கீங்களா, அது வேற ஒண்ணும் இல்ல, பாமினில மாட்டிக்கிட்ட 'Email'ங்கிற வார்த்தை. அதைவிட மோசம் காலும் ர-வும். பழைய ஃபான்ட்ல ர-வும் துணைக்காலும் பார்க்க கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும்கிறதால டைப் அடிச்சவர் எது கைக்கு வந்துச்சோ அதைப் போட்டிருப்பார், பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாது. யூனிகோடுக்கு மாத்தினதும் 'மரம்' எல்லாம் 'மாம்'னு வந்து நிக்கும், 'அரசு' 'அாசு' ஆகிடும். ஸ்பெல் செக்கர் சிலதைப் பிடிக்கும், சிலது நல்ல வார்த்தை வேஷத்துல தப்பிச்சுரும். முந்நூறு பக்க புக்ல இதை ஒவ்வொண்ணா பிடிக்கிற வேலைக்குப் பேர் 'சும்மா ஒரு தடவை பார்த்து குடுங்க மேம்'. அதனால ப்ரூஃப் வேலைக்கு ரேட் சொல்றதுக்கு முன்னாடி பத்து பக்கம் கன்வர்ட் பண்ணிப் பார்த்துட்டு சொல்லுங்க.

நீங்க ஒழுங்கா யூனிகோட்ல அனுப்பினாலும் அந்தப் பக்கம் டிசைனர் இன்டிசைன்ங்கிற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல ஒட்டுவார், கொம்பு எல்லாம் எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்திருக்கும், உடனே உங்களுக்கு போன் வரும், 'மேம் உங்க ஃபைல் கரப்ட் ஆகியிருக்கு'. ஃபைல்ல ஒரு கோளாறும் இருக்காது. பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, எல்லாம் இடத்துக்கு வந்துரும். நான் இப்பல்லாம் ஃபைல் அனுப்பும்போதே இந்த ஒரு வரியையும் மெயில்ல போட்டு, கூடவே ஒரு பிடிஎஃப்பும் வச்சு அனுப்பிடறேன், பிடிஎஃப் எதுக்குன்னா எழுத்து எப்படித் தெரியணும்னு அவருக்கு ஒத்துப் பார்க்க.

இப்ப மிச்சக் காசு. இன்வர்ட்டர் இல்லாம இந்தத் தொழிலுக்கு வராதீங்க. எங்க ஏரியால மாசாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் காலைல 9 மணிக்கு நிறுத்தினா மதியம் 2 மணிக்குத்தான் கரண்ட் வரும், முதல் நாள் பேப்பர்ல எந்தெந்த தெருன்னு போட்டுருவாங்க, எனக்கு தலைப்புச் செய்தியை விட அதுதான் முக்கியம். லேப்டாப் பேட்டரி தாங்கும், ஆனா நெட் போயிடும், ஏன்னா வைஃபை மோடத்துக்கு கரண்ட் வேணும். இன்வர்ட்டர் வாங்க இப்ப வசதி இல்லன்னா மோடத்துக்குன்னு 12 வோல்ட்ல கையடக்கமா ஒரு குட்டி யூபிஎஸ் வருது, ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு கிடைக்கும், அதை முதல்ல வாங்குங்க. அப்புறம் கேபிள்காரர் பக்கமே கரண்ட் இல்லன்னா அதுவும் உதவாது, போன் ஹாட்ஸ்பாட் தான், அதனால போன் சிம் வேற கம்பெனியா இருக்கட்டும். இன்வர்ட்டர் வாங்கினா பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்த மறந்துராதீங்க. அப்புறம் ஒரு நல்ல நாற்காலி, பிளாஸ்டிக் சேர்ல தலகாணி போட்டு சமாளிக்கிற பழக்கம் முதுகுல போய் முடியும்.

அன்றாட வாழ்க்கைன்னு கேட்டீங்கல்ல. காலைல ஏழரைக்குள்ள பசங்க ஸ்கூலுக்கு கிளம்பினதும் பத்தரை வரைக்கும் தான் எனக்கு உருப்படியான நேரம், கஷ்டமான பத்தி எல்லாம் அப்பதான். பத்தரைக்கு மேல தெருவே என் வீட்டுக்கு வந்துரும். வீட்ல இருந்து வேலை பார்க்கிறவங்கன்னா அக்கம்பக்கத்துக்கு கொரியர் ஆபீஸ் மாதிரி. எதிர் வீட்டு ஆச்சி கேட்லயே நின்னு 'எம்மா, வீட்லதான இருக்க, கேஸ்காரன் வந்தா சிலிண்டரை வாங்கி வச்சிரு, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன்'ம்பாங்க, சரி ஆச்சினு சொல்லாம எப்படி இருக்கிறது. மாமியாருக்கு நான் கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுறேன்னு தெரியும், ஆனா கீபோர்ட் சத்தம் கேட்டாத்தான் வேலை, நான் கையைக் கட்டிட்டு ஒரு வாக்கியத்தை யோசிச்சுட்டு இருந்தா அது ஓய்வு நேரம், உடனே முருங்கைக்கீரை உருவுற தட்டு பக்கத்துல வந்துரும். கோவப்பட்டு புண்ணியம் இல்ல. நான் யோசிக்க வேண்டிய வேலையை மொட்டை மாடிக்கு மாத்திக்கிட்டேன், கீரை உருவுற நேரத்துல ரெக்கார்டிங் கேட்டுப்பேன்.

ரெக்கார்டிங்னா அந்த வாழ்க்கைக் கதை வேலைக்கானது. ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர் ராத்திரி தூக்கம் வராதப்பல்லாம் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பிட்டே இருப்பார், 1960கள்ல தாமிரபரணில குளிச்சுட்டு ஈர வேட்டியோட ஸ்கூலுக்கு போன கதைல ஆரம்பிச்சு அது எங்க எங்கயோ போய் மருமகன் விஷயத்துல முடியும். இதை எழுத்தா மாத்துறதுக்கு ஒரு வழி சொல்றேன். ஆடியோவை அப்படியே ஸ்பீக்கர்ல ஓடவிட்டு கூகுள் டாக்ஸ் வாய்ஸ் டைப்பிங்கை கேட்க வச்சா குப்பையா வரும். ஹெட்போன் மாட்டி அவர் சொல்றதை காதுல வாங்கி, ஒரு வரி தள்ளி, நம்ம குரல்ல நிதானமா திருப்பிச் சொல்லணும், அப்ப பெரும்பாலும் சரியா விழும். கமா, புள்ளி எல்லாம் நாமதான் போட்டுக்கணும், ஒற்று அது இஷ்டத்துக்கு வரும், அதுக்கு நீச்சல்காரன்கிறவர் செஞ்ச வாணி எழுத்துப்பிழை திருத்தி, சந்திக்கு அவரோட நாவி, ரெண்டையும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு மேல கண்ணால படிங்க. மருமகன் பகுதியை மட்டும் எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேட்டுக்கிறது நல்லது.

காசு விஷயம். மொழிபெயர்ப்புக்கு வார்த்தை கணக்குல தான் ரேட், எந்த வார்த்தைன்னு முதல்லயே கேளுங்க. தமிழ்ல வேற்றுமை உருபு, எதிர்மறை எல்லாம் வார்த்தையோடவே ஒட்டிக்கிறதால ஆயிரம் இங்கிலீஷ் வார்த்தை தமிழ்ல எழுநூறு எண்ணூறுல அடங்கிடும், கம்பெனி தமிழ் வார்த்தையை எண்ணிக் காசு கொடுத்தா கால்வாசி அப்பவே போச்சு. நான் இங்கிலீஷ் கணக்குக்குத்தான் ஒத்துப்பேன். அப்புறம் டிடிஎஸ், அதாவது காசு தர்றவங்களே முன்கூட்டி பிடிச்சுக்கிற வருமான வரி. தொழில்முறை கட்டணம்னு போட்டா 10% பிடிப்பாங்க, கான்ட்ராக்ட்னு போட்டா தனி ஆளுக்கு 1%, அது கம்பெனிக்கு கம்பெனி மாறும், பான் நம்பர் குடுக்காம விட்டா 20% போயிடும். பிடிச்சதை உண்மையாவே உங்க பான்ல கட்டியிருக்காங்களான்னு வருமான வரி சைட்ல, 26ஏஎஸ்னு சொல்ற வரிப்பிடித்த பட்டியல்ல மூணு மாசத்துக்கு ஒருக்கா பாருங்க, வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் போடுங்க, பிடிச்ச பணம் திரும்ப வரும், நாளைக்கு வீட்டு லோனுக்கு பேங்க்ல போய் நின்னா சம்பள ஸ்லிப் இல்லாத நமக்கு ரிட்டர்ன் தான் ஸ்லிப். இன்வாய்ஸை மெசேஜ்ல சொல்லாதீங்க, நம்பர் போட்டு பிடிஎஃப்பா மெயில்ல அனுப்புங்க, கேட்டு கேட்டு வாங்க வேண்டி வரும்போது தேதி உதவும்.

ஏஐ. மறைக்க வேண்டாம், வேலை குறைஞ்சிருக்கு. வார்த்தைக்கு பைசா கணக்குல வந்துட்டிருந்த ப்ராடக்ட் விவரம், வெப்சைட்டை நிரப்புற கட்டுரை, இதெல்லாம் 2022 கடைசில சாட்ஜிபிடி வந்ததுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காணாம போச்சு, எனக்கு அதுல வருத்தமும் பெருசா இல்ல. வந்த புது தலைவலி என்னன்னா மெஷின்ல மொழிபெயர்த்துட்டு 'லைட்டா எடிட் மட்டும் பண்ணிடுங்க மேம், பாதி ரேட்'னு அனுப்புறது. இலக்கணம் சுத்தமா இருக்கும், ஆனா ஊர்ல ஒருத்தரும் அப்படி பேசமாட்டாங்க. சுகர் மாத்திரை எப்ப சாப்பிடணும்னு சொல்ற துண்டுச்சீட்டை ஒரு பாட்டி படிச்சா அவங்களுக்குப் புரியணும், அதுதான அதோட வேலை. நான் ரெண்டு பக்கம் சாம்பிள் வாங்கி செஞ்சு பார்ப்பேன், புதுசா எழுதுற நேரமே ஆகுதுன்னா முழு ரேட், இல்லன்னா மணிக்கணக்கு, வார்த்தைக்கு பாதிங்கிற பேச்சே கிடையாது. சிலர் போயிடுவாங்க, போகட்டும். ஆள் நேர்ல போய் உக்காந்து கேட்டு எழுத வேண்டிய வேலை, தப்பு வந்தா யாராவது பொறுப்பேத்துக்க வேண்டிய வேலை, அந்தப் பழைய ஃபான்ட் குப்பையை சுத்தம் பண்ற வேலை, இது மூணுக்கும் இப்பவும் ஆள் தேடுறாங்க.

அதனால வேலையை நாளைக்கே விடாதீங்க. சனி ஞாயிறுல ரெண்டு மூணு பேருக்கு செஞ்சு கொடுங்க, அதுல ஒருத்தராவது நீங்க கேட்காமலே ரெண்டாவது வேலை அனுப்பி, முதல் வேலைக்கான காசும் முழுசா வந்திருந்துச்சுன்னா, அப்ப ஆபீஸ்ல பேப்பர் போடுறதை யோசிங்க. கையில ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தா அதுவரைக்கும் அதுவே ஓடும்.