பாதி ராத்திரியில் ஸ்பேனர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குளியலறைக் குழாய் சொட்டுகிறதென்று இரவு 11 மணிக்கு என் கணவர் ஸ்பேனரை எடுத்தார். பிளாஸ்டிக் குழாய் சுவரோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. மாமனார் ஓடிவந்து கட்டைவிரலால் அடைத்ததும் தண்ணீர் கூரைவரை பீச்சியடித்தது, விளக்கும் நனைந்தது. மாமியார் குடை விரித்து நின்றார். தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வோ அசையவே இல்லை. மரைத்துண்டு இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறது. எப்படி எடுப்பது? (பெயர் போட வேண்டாம். அவரும் இந்தப் பகுதியைப் படிப்பவர்.)

பதில்: மாமனார் செய்தது பாதி சரி. தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாய் வாயில் அழுத்தம் சுமார் 0.6 பார்தான். அரை அங்குல வாயை முழுதாக அடைக்க ஏறத்தாழ 1 கிலோ எடையைத் தாங்கும் பலம் போதும். அரைகுறையாக அடைத்ததால்தான் வம்பு. வாய் திறந்து கிடக்கும்போது, நீர் விரைந்து ஓடுவதால் அழுத்தத்தில் பெரும்பங்கு பைப்பின் உராய்விலேயே தீர்ந்துவிடும். கொடகொடவென்று கொட்டுவதோடு சரி. விரல் ஓட்டத்தைக் குறைத்ததும் உராய்வும் குறைந்து, மொத்த அழுத்தமும் அந்த இடுக்கில் வந்து நிற்கும். அதனால்தான் கூரைக்கே அபிஷேகம்.

அந்த நேரத்தில் விரலைவிட நல்லது, கூம்பாகச் சீவிய மரக்குச்சியில் பழந்துணியைச் சுற்றித் திருகிச் செருகுவது. சீவிய கேரட்டும் வேலை செய்யும். சிரிக்காதீர்கள், 1 கிலோ தள்ளலுக்கு அது தாராளம். விளக்கு நனைந்தால், உலர்ந்த கையோடு முதலில் மெயினை அணையுங்கள். நனைந்தது நன்றாகக் காயும்வரை போட வேண்டாம்.

இறுகிப்போன கேட் வால்வை முரட்டு ரிஞ்சால் திருகினால் தண்டு முறியும், அல்லது உள்ளே தகடு கழன்று விழும். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று ஆட்டி ஆட்டித்தான் இளக்க வேண்டும். மூடியபின் வீட்டில் தாழ்வாக உள்ள வேறொரு குழாயைத் திறந்து பைப்பை வடியவிடுங்கள்.

இனி அந்தத் துண்டு. ஹேக்ஸா பிளேடை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, துண்டின் உட்சுவரில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் போடுங்கள். அவசரம் இங்கேதான் கூடாது. பழைய டெஃப்லான் டேப்பின் வெள்ளை தெரிந்த கணமே நிறுத்துங்கள். அதற்கு மேல் அறுத்தால் எல்போவின் (சுவருக்குள் குழாய் திருகப்படும் வளைவு இணைப்பின்) மரை போய்விடும், அப்புறம் சுவரை உடைக்க வேண்டியதுதான். வெட்டில் சிறு திருப்புளியை வைத்து உட்பக்கமாக நெம்பினால் துண்டு மடிந்து வரும். முறிந்தது பித்தளையாக இருந்தால் அறுக்க வேண்டாம். முறிந்த துண்டைக் கழற்றும் கூம்பு வடிவக் கருவியான எக்ஸ்ட்ராக்டரைத் தட்டிச் செருகி இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

புதுக் குழாயின் மரை முனை உங்களைப் பார்த்திருக்க, டேப்பை வலஞ்சுழியாக 10 முதல் 15 சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எல்போ பித்தளை மரை இல்லாத வெறும் பிளாஸ்டிக் என்றால் குறைவாகவே சுற்ற வேண்டும்; டேப் தடித்தால் எல்போ சுவருக்குள்ளேயே பிளக்கும், ஈரம் பரவும்வரை தெரியாது. கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒன்றிரண்டு சுற்று. வாய் கோணலாக நின்றால் பின்னோக்கித் திருப்பி நேராக்காதீர்கள், கசியும். கழற்றிப் புது டேப் சுற்றுவதே வழி.

ஒன்று சொல்ல வேண்டும்: சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் வாஷர் மாற்றினாலே போதும், குழாயைக் கழற்றவே வேண்டியதில்லை. அதுவரை ஒரு வாளி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

கேள்வி: கிறீச்சிட்ட கழிவறைக் கதவின் கைப்பிடியை இரவில் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான் மகன். அவன் துணி எடுக்கப் போன நேரம் பாட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். கடைசியில் பூட்டை உடைத்தோம். வேறு வழி இருந்ததா?

பதில்: இருந்தது. கைப்பிடி போனாலும் பூட்டின் நடுவே சதுரத் துளை இருக்கும். கழற்றிய சதுரக் கம்பியை அதில் செருகி, வெளியே நீட்டிய பகுதியைக் குறடால் பிடித்து, கைப்பிடி கீழிறங்கும் திசையில் திருப்பினால் நாக்கு உள்வாங்கும். கம்பி பாட்டி பக்கம் விழுந்திருந்தால், துளையில் மூலைக்கு மூலை இறுக்கமாக உட்காரும் தட்டைத் திருப்புளி போதும். அடுத்த முறை, கைப்பிடியைத் தொடும் முன் பூட்டின் நாக்கை உள்ளே அமுக்கி டேப் ஒட்டிவிடுங்கள். கம்பி சட்டைப் பையில் இருக்கட்டும்.

கேள்வி: உடைந்த கோப்பையைச் சூப்பர் க்ளூவால் ஒட்டப் போய், கோப்பையோடு விரலும் ஒட்டிக்கொண்டது. இழுக்கலாமா?

பதில்: கூடாது, தோல் உரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டிப் பிரியுங்கள். அசையாவிட்டால் அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைத் தொடலாம். காயம், வாய், கண் பக்கம் கூடாது. இமை ஒட்டிக்கொண்டால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சிந்திய ஈரப் பசையைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள்: பருத்தியில் ஊறினால் அந்தப் பசை சட்டென்று சூடேறி விரலைச் சுட்டுவிடும்.