கையுறை போட்டாலும் கை கைதான்: மருத்துவமனைத் தொற்று, கேள்வி பதில்

கேள்வி: வரும்போதே இருந்த தொற்றா, ஆஸ்பத்திரியில் ஒட்டியதா? எப்படிப் பிரிப்பது?

பொதுக் கணக்கு 48 மணி நேரம். சேர்ந்தபோது இல்லாமல், அதற்குப் பிறகு தலைகாட்டினால் ஆஸ்பத்திரிக் கணக்கு. அறுவைப் புண்ணுக்கு இது செல்லாது. 30 நாள், சில அறுவைகளுக்கு 90 நாள் வரை கவனிக்க வேண்டும்.

கேள்வி: கோவிட் சமயத்தில் எல்லோரும் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதானே வேலை பார்த்தார்கள்? பிறகு ஏன் தொற்று கூடியது?

மூடியது ஊழியரைக் காக்க. நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டிய கவுன், தட்டுப்பாட்டில் படுக்கை படுக்கையாகப் போனது. இரட்டைக் கையுறை இருக்கிற தைரியத்தில் கைக்கு ஆல்கஹால் போடுவது நின்றது. அசினெட்டோபேக்டர் என்ற ஆஸ்பத்திரிக் கிருமி உலர்ந்த கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையுறையில் ஏறி அடுத்த கட்டிலுக்குப் போக அதற்கு ஒரு தொடுதல் போதும்.

சென்ட்ரல் லைனை, அதாவது கழுத்து வழியாகப் பெரிய ரத்தக் குழாயில் போடும் குழாயைப் பாருங்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் கழுத்து டிரெஸ்ஸிங் அடியில் போய்விடும். எச்சிலிலும் வியர்வையிலும் ஓரம் தூக்கியிருக்கும், திருப்பிப் போடும்வரை யார் கண்ணிலும் படாது. போதாததற்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நீண்ட வென்டிலேட்டர் நாட்கள், ஆள் பற்றாக்குறை. அமெரிக்காவில் 2012 முதல் 2017 வரை எதிர்ப்புக் கிருமியால், அதாவது ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியால் வந்த சாவுகள் 18 சதவீதம் இறங்கியிருந்தன. 2020இல் அங்கே மருத்துவமனைக்குள் ஏற்பட்ட எதிர்ப்புக் கிருமித் தொற்றும் சாவும் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது 15 சதவீதம் ஏறின.

கேள்வி: கோவிட் வைரஸ்தானே. ஆன்டிபயாடிக் எதற்கு?

பெரும்பாலும் பயத்தில். எக்ஸ்ரேயில் வெள்ளை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) உயர்வு இரண்டும் பாக்டீரியா நிமோனியா மாதிரியே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் தரவில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாக்டீரியாத் தொற்றும் இருந்தது 8 சதவீதத்தினருக்கு. ஆன்டிபயாடிக் வாங்கியது சுமார் 75 சதவீதம். அதிலும் அசித்ரோமைசினுக்கு அரை ஆயுள் (உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) ஏறக்குறைய 68 மணி நேரம். கோர்ஸ் முடிந்த பிறகும் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் திசுக்களில் தங்கும். எதிர்ப்புள்ள கிருமி மட்டும் பெருக அதுவே வசதி.

கேள்வி: நான் நர்ஸ். ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அடிக்கடி தோல் கிருமிதான் வளர்கிறது. எங்கே தப்பு?

பல நேரம், காயவிடாததில். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தோலை 30 வினாடி தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஊதக் கூடாது, நரம்பு தேட மறுபடி விரல் வைக்கக் கூடாது. பாட்டில் மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் சுத்தமானது என்று நினைக்காதீர்கள். அதையும் ஆல்கஹாலால் துடையுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு இடத்தில் இரண்டு செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே. ஒரு செட்டில் மட்டும் தோல் ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து கலந்ததுதான், ரத்தத் தொற்று அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு யூரின் கதீட்டர் போட்டிருக்கிறது. கல்ச்சரில் கிளெப்சியெல்லா. காய்ச்சல், வலி எதுவும் இல்லை. வீரியமான ஊசி வேண்டுமா?

அறிகுறி இல்லாவிட்டால் பெரும்பாலும் வேண்டாம். கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேரும். கிருமி சும்மா குடியிருப்பது வேறு, தொற்று வேறு. கதீட்டர் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்து, குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதென்றால் அதை மாற்றிவிட்டுப் புதிய குழாயில் சாம்பிள் எடுக்க வேண்டும். பையிலிருந்து எடுத்தால் பயனில்லை.

கேள்வி: ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) எல்லாக் கிருமிக்கும் போதுமா?

20 முதல் 30 வினாடி தேய்த்தால் அநேகமாகப் போதும். முக்கிய விதிவிலக்கு, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில்: அதன் வித்துக்கு ஆல்கஹால் உறைக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும், 40 முதல் 60 வினாடி. தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின்.