அடியா மீட்டரா? வாசகர் கணக்குகளுக்குப் பதில்கள்

ஐந்தரை சென்ட் மனையை ஒரு கிரவுண்ட் என்கிறார் தரகர். சரியா? (செங்கல்பட்டு)

சரிதான். ஐந்தரை சென்ட் 2,396 சதுர அடி, கிரவுண்ட் 2,400. விலையை மட்டும் பத்திரத்தில் உள்ள அலகில் பேசுங்கள்.

எங்கள் தொட்டி 5க்கு 4, உயரம் 4. எத்தனை லிட்டர் பிடிக்கும்? (தேனி)

அடியா, மீட்டரா? மீட்டர் என்றால் 80,000 லிட்டர். அடி என்றால் 80 கன அடி, கன அடிக்கு 28 லிட்டர் வீதம் 2,240. மேலே அரை அடி காலியாக நிற்கும், அதனால் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் அளந்திருந்தால் அதுவும் வராது. அலகு போடாமல் கணக்கு அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

பைக் வாங்க ஒரு லட்சம் கடன், மூன்று வருடம். ஷோரூமில் ‘10% ஃபிளாட்’ என்கிறார்கள், வங்கியில் 13%. ஷோரூம்தானே லாபம்? (ஈரோடு)

இல்லவே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். என் அக்கா மகன் போட்ட பிறகுதான் தாளை என்னிடம் நீட்டினான்.

ஃபிளாட் என்றால், நீங்கள் எவ்வளவு அடைத்திருந்தாலும் முழு லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி. மூன்று வருடத்துக்கு 30,000. மாதத் தவணை 3,611. அதில் அசல் 2,778, வட்டி 833. இப்போது முப்பத்தாறாவது தவணையைப் பாருங்கள். பாக்கி இருக்கும் அசல் வெறும் 2,778. அதற்கும் அதே 833 ரூபாய் வட்டி! அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 30 சதவீதம்.

வங்கி சொல்லும் 13% குறையும் பாக்கியின் மேல். தவணை 3,370க்குள் முடியும், மொத்த வட்டி 21,000 சொச்சம். ஷோரூமின் பத்தை வங்கி முறையில் போட்டால் கிட்டத்தட்ட 18% வருகிறது. மூன்று வருடக் கடன் என்றால் ஃபிளாட் எண்ணை 1.8ஆல் பெருக்கிப் பாருங்கள், போதும்.

பத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, ‘ஃபிளாட்’ என்பதை வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகளின் பணம் அது. 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சதவீதம் என்று யார் சொன்னாலும், எதன் மேல் என்று கேளுங்கள்.

50% தள்ளுபடி, அதற்கு மேல் 20%. மொத்தம் 70தானே? (மதுரை)

60. இரண்டாவது தள்ளுபடி மீதிப் பாதியின் மேல். எதன் மேல் என்று கேட்கச் சொன்னது இதற்கும்தான்.

மூலைமட்டம் சரி என்கிறார் கொத்தனார். நானே பார்க்க வழி உண்டா? (திருச்சி)

உண்டு. நூல் கட்டிய மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து ஆணி அடியுங்கள். ஆணிக்கு ஆணி குறுக்கே 10 அடி வந்தால்தான் மூலை சரியான செங்கோணம். இரண்டடிக்குக் கால் அங்குலம் பிசகினால் 40 அடிச் சுவரின் கோடியில் ஐந்து அங்குலம் விலகியிருக்கும். அது டைல்ஸ் ஒட்டும்போதுதான் தெரியும். ஓரத்தில் ஒவ்வொரு கல்லையும் சாய்வாக வெட்ட வேண்டிவரும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே டேப்போடு போய் நில்லுங்கள்.