டிரம் கோர் போட்டிகளை இப்போது நடத்துவது யார்?

அமெரிக்காவில் எக்காளமும் டிரம்மும் கொடியுமாக மைதானத்தில் அணிவகுக்கும் டிரம் கோர் குழுக்களுக்கு இரண்டு அமைப்புகள் இருந்தனவே, இப்போது ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய அளவில் ஒன்றுதான். ஒருகாலத்தில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் போட்டி நடத்தின. அது பிடிக்காத குழுக்கள் சேர்ந்து டிசிஐ-யை (டிரம் கோர் இன்டர்நேஷனல்) தொடங்கின; முதல் சாம்பியன் போட்டி 1972-இல். அது இளைஞர்களுக்கானது. வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் பயிற்சி எடுக்கும் பெரியவர்களுக்கு டிசிஏ (டிரம் கோர் அசோசியேட்ஸ்) என்ற இன்னொரு அமைப்பு இருந்தது. 2024-இல் அது டிசிஐ-க்குள் தனிப் பிரிவாகிவிட்டது.

குழுக்களும் குறைந்துவிட்டன; அதற்குச் செலவே முக்கியக் காரணம் என்பேன். கோடை முழுக்கப் பேருந்துப் பயணம், பள்ளி ஜிம் தரையில் தூக்கம். இதற்கு உறுப்பினரே ஆயிரக்கணக்கில் டாலர் கட்ட வேண்டும்! அப்புறம், 2009-இல் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியையும் டிசிஐ அனுமதித்தது. பழைய ரசிகர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.