பேரன்பு: அந்த முடிவு ஏமாத்து வேலையா? (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

சொந்தக்காரங்க ‘பாரு, உனக்கு ஆறுதலா இருக்கும்’னு சொன்னாங்கன்னு பேரன்பு படம் பாத்தேன், மூளை முடக்குவாதம் உள்ள மகள தனியா வளக்குற அப்பாவோட கதை. என் பையனுக்கும் மூளை முடக்குவாதம்தான், 16 வயசு, பேச்சு வராது. படம் முழுக்க அழுதேன், ஆனா கடைசில சாகப்போன அப்பாவையும் மகளையும் மீராங்கற திருநங்கை வந்து கடல்ல இருந்து காப்பாத்தி எல்லாம் சரியாயிடுற மாதிரி முடிச்சதும் கோவம்தான் வந்துச்சு. எங்க வீட்டுக்கு எந்த மீராவும் வரப்போறதில்ல. எனக்கு அப்புறம் இவன யாரு பாப்பாங்கறதுக்கு படத்துல பதிலே இல்ல. நம்பிக்கையா முடிக்கிறது ஏமாத்து வேலை இல்லையாண்ணா? நீங்க அந்தப் படம் பிடிக்கும்னு எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன்.

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள தங்கச்சி,

உங்க கோவம் நியாயம். எனக்கு அந்தப் படம் இப்பவும் பிடிக்கும், ஆனா அதுல நம்பிக்கைன்னு நான் நினைக்கிற இடம் மீரா இல்ல.

ராம் எடுத்த அந்தப் படத்துல மகள் பாப்பாவுக்கு கடைசி வரைக்கும் எதுவும் குணமாகல, அத கவனிச்சீங்களா? நம்ம சினிமாவுல இந்த மாதிரி ஒரு பிள்ளைய காட்டினா ஒண்ணு க்ளைமாக்ஸ்ல எந்திரிச்சு நடக்கும், இல்ல செத்துப்போயி எல்லாரையும் அழ வைக்கும். இங்க அவ கை அப்படியேதான் மடங்கியிருக்கு, மாறுறது அப்பன்தான். மகள சிரிக்க வைக்க, அப்பா அமுதவனா நடிச்ச மம்மூட்டி ஆடி, குரைச்சு, என்னென்னமோ செஞ்சு பாக்குறாரே, ஒரே ஷாட்டா, கட்டே இல்லாம போற அந்த சீன், அவ்வளவு செஞ்சும் அவ மனசு இறங்க மாட்டேங்குறா. ஆனா அந்த மனுசன் அங்கயேதான் இருக்காரு. அப்புறம் அவ வயசுக்கு வந்ததும் நாப்கின் மாத்த அப்பாவ கிட்டயே விடமாட்டேங்குறா பாருங்க, கூச்சமும் கோவமும் ஆசையும் உள்ள ஒரு தனி ஆளு இவன்னு அவருக்கு உறைக்கிற இடம் அது. இந்தப் பிள்ளைங்களுக்கும் உடம்பு வளருது, ஆசை வருதுங்கறத நம்ம வீடுகள்ல வாய் திறந்து பேசுறதே இல்ல, படம் பேசுச்சு. எனக்கு நம்பிக்கை கிடைச்சது அங்கதான்.

ஆனா நீங்க சொல்ற குறை உண்மை, நான் இன்னும் கொஞ்சம் கூட சொல்வேன். அமுதவன் மகளோட கடலுக்குள்ள இறங்குற வரைக்கும் போறது அவளோட நோயால இல்ல, அவருக்குன்னு யாருமே இல்லாததால. ஹோம்ல விட்டா அடிக்கிறாங்க, வீட்டுக்கு கூட்டிட்டு வந்தா அப்பன் ஒத்தையாளு, இந்த ரெண்டு வழிதான்னு படம் நம்ப வச்சிடுது. கதை நடக்குற அதே சென்னைல 1985ல இருந்து வித்யாசாகர் இருக்கு, பேச்சு வராத பிள்ளைங்க படம், எழுத்து உள்ள பலகைய காட்டி பேச கத்துக்கிற இடம். உங்களுக்கு கிட்டக்கவே ஆய்க்குடில மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981ல ஆரம்பிச்சது. மூளை முடக்குவாதம்னா தசைய ஆட்டி வைக்கிற பகுதி சின்ன வயசுலயே பாதிச்சிருக்குன்னு அர்த்தம், புத்தி இல்லன்னு அர்த்தம் இல்ல, பல பேருக்கு எல்லாமே புரியும், சொல்லத்தான் முடியாது. இத படம் ஒரு சீன்லயாவது காட்டியிருக்கலாம்னு எனக்கு ஆதங்கம் உண்டு.

‘எனக்கு அப்புறம்?’னு கேட்டீங்க. சட்டத்துல இதுக்குன்னே ஒரு வழி இருக்கு, 1999ல வந்த தேசிய அறக்கட்டளை சட்டம். 18 வயசு ஆன பிறகு உங்க பையனுக்கு சட்டப்படி காப்பாளர் நியமிக்கச் சொல்லி மாவட்டத்துல இருக்குற உள்ளூர் குழுகிட்ட விண்ணப்பிக்கலாம், கலெக்டர் அந்தக் குழுவுல இருப்பாரு. அதே சட்டத்துக்குக் கீழ நிராமயான்னு ஒரு மருத்துவக் காப்பீடும் இருக்கு, வருசத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல சேரும். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, இப்பவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போயி கேளுங்க, தனியா போகாதீங்க, இதே மாதிரி பிள்ளை உள்ள இன்னொரு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

உங்க பையனும் படம் பாத்தானா? பாத்திருந்தா எந்த இடத்துல சிரிச்சான், எங்க முகத்த திருப்பிக்கிட்டான்னு எழுதுங்க. நீங்க, நான், சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லிட்டோம், அவனுக்கு படம் பிடிச்சுதான்னு தெரியணும் எனக்கு.