முதல் தடவையா கையால துணிப் பொம்மை தைக்க எப்பிடித் தொடங்கிறது, மெஷின் இல்லாமச் சரிவருமா?

மெஷின் தேவையே இல்ல. நான் மகளுக்குத் தைச்ச முதல் பொம்மை வெள்ளவத்தை வீட்டில ரெண்டு பின்னேரம் இருந்து கையாலதான் முடிச்சது. துணிக்குக் காசு செலவழிக்காதேங்கோ, பழைய கொட்டன் சேர்ட் ஒண்டு காணும், இல்லாட்டி புறக்கோட்டையில வெட்டுத்துண்டு பாத்து எடுங்கோ, இழுபடுற துணி மட்டும் வேணாம், பஞ்சு அடைக்கேக்க உருவமே மாறிடும்.

25 சென்டிமீற்றர் உயரத்துக்கு தலை, உடம்பு, கை, கால் எல்லாம் ஒண்டாச் சேர்ந்த உருவமாக் கீறுங்கோ, கழுத்தை அகலமா விடுங்கோ, ஒடுக்கமா இருந்தா தலை தொங்கும். துணியின்ர நல்ல பக்கம் உள்ளுக்க வாற மாதிரி மடிச்சு, கோட்டில சின்னச் சின்னதா பின் தையல் (ஒவ்வொரு தடவையும் ஊசியை ஒரு தையல் பின்னுக்குக் கொண்டுபோய்க் குத்தி முன்னுக்கு எடுக்கிறது) போட்டு, விலாப் பக்கம் 5 சென்டிமீற்றர் தைக்காம விட்டு, கோட்டுக்கு வெளிய அரை சென்டிமீற்றர் தள்ளி வெட்டுங்கோ. பிறகு கழுத்து, கக்கம் வளையிற இடங்களில தையலில படாம சின்ன வெட்டுக் குடுக்கோணும், இதைக் கனபேர் விடுறவை, விட்டா பிரட்டினாப் பிறகு சுருங்கித்தான் நிக்கும்.

தைக்காம விட்ட இடத்தால நல்ல பக்கம் வெளிய வாற மாதிரிப் பிரட்டி, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா, கை கால் முனையில இருந்து பென்சிலால தள்ளி இறுக்கி அடைச்சு, விட்ட இடத்தைத் தைச்சு மூடுங்கோ.

3 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கெண்டா கண்ணுக்குப் பட்டன் வைக்கவே வேணாம், கழண்டா வாயில போட்டிடும், நூலாலயே கண் தைச்சு விடுங்கோ.